அபிஷேகம் பெற்றவரிடம் கணக்குக் கேட்கலாமா?

சபையில் காணிக்கைக் கணக்கைப் பற்றி வாய் திறந்தால் போதும், உடனே ஒரு வசனம் வந்து விழும்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்." கர்த்தர் தைலம் வார்த்து ஏற்படுத்திய ஊழியரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அர்த்தமாம். கேட்டவர் ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல் தலை குனிந்து உட்கார்ந்துவிடுவார். இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

அந்த வசனம் வேதாகமத்தில் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ஆறேழு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். பேச்சு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றியது. கொஞ்சப் பேர், சொந்த நிலம் இல்லாத பரதேசிகள், தேசம் தேசமாக அலைகிறவர்கள். அவர்களை ஒடுக்காதே என்று கர்த்தர் கடிந்துகொண்டது யாரை? ராஜாக்களை! நாதியற்றவர்களைக் காக்கச் சொன்ன வார்த்தையை, மேடையும் மைக்கும் கையில் இருப்பவர்கள் கேடயமாகப் பிடிப்பது என்ன நியாயம்?

இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலையே எடுத்துக்கொள்வோம். காணாமல் போன கழுதைகளைத் தேடிப் போனவன். தீர்க்கதரிசி சாமுவேல் அவன் தலையில் தைலம் வார்த்தார். மிஸ்பா என்ற ஊரில் ராஜாவுக்கான சீட்டு அவன் பெயருக்கு விழுந்தபோது தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தான். அவனைத் தேர்ந்தெடுத்தது கர்த்தர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அமலேக்கியரை வென்றபின் (ஆடுமாடுகளையும் விடாமல் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பது கட்டளை; அது எனக்கு இன்றும் நெருடல்தான், அது தனிப் பேச்சு) நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, "சொன்னதைச் செய்தேன்" என்றான். அப்படியானால் என் காதில் விழும் ஆட்டுச் சத்தம் என்ன என்று சாமுவேல் முகத்துக்கு நேரே கேட்டார். சவுல் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: ஜனங்கள்தான் தப்பவிட்டார்கள், எல்லாம் கர்த்தருக்குப் பலியிடத்தான். இன்றும் அதே பதிலைத்தானே கேட்கிறோம்?

சவுல் கொல்லத் தேடிய தாவீதும், கையில் கிடைத்த சவுலைக் கொல்லவில்லை. எங்கேதி குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான், அதற்கே மனம் அடித்துக்கொண்டது. சரி, அதோடு வாயை மூடிக்கொண்டானா? வெளியே வந்து, அந்தத் துணியைக் கையில் பிடித்தபடி, ஏன் என் உயிரை வேட்டையாடுகிறீர் என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது 1 சாமுவேல் புத்தகத்தின் 12ஆம் அதிகாரம். சாமுவேலின் பிள்ளைகள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கியவர்கள். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தகப்பன், நரைத்த தலையோடு, புதிய ராஜாவையும் ஜனங்களையும் முன்னே வைத்துக்கொண்டு கேட்கிறார்: யாருடைய எருதை எடுத்தேன்? யாருடைய கழுதையை எடுத்தேன்? யார் கையில் பரிதானம் வாங்கினேன்? சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவராகவே வந்து நின்றார்.

அடுத்தமுறை சங்கீதம் 105ஐச் சொல்லி யாராவது உங்களை உட்கார வைத்தால், இந்த அதிகாரத்தையும் அதே மேடையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.