பூட்டிய வீட்டுக்கு அரை வரியாம்!

குற்றாலத்துப் பக்கம் உள்ள எங்கள் ஊரில், சொத்து வரி பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் சுற்றி வந்துவிட்டது. “வருஷத்தில் ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு முழு வரி? நாங்கள் தண்ணீர் எடுக்கிறோமா, குப்பை போடுகிறோமா? பாதி வரி போதும்” என்று சீசனுக்கு மட்டும் வந்து வீட்டைத் திறக்கும் ஒருவர் கேட்டதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்வரிசையிலிருந்து கைத்தட்டல் எழுந்ததே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீட்டுக்கும், ஆனியில் சாரல் விழும்போது திறந்து ஆவணியில் பூட்டப்படும் வீட்டுக்கும் ஒரே சொத்து வரி என்பதே அநியாயம். குறைக்க வேண்டுமானால் குடியிருப்பவருக்குக் குறைக்க வேண்டும். சீசன் வீட்டுக்குக் கூட்டத்தான் வேண்டும்.

2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது நம் பக்கத்துப் பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வீட்டின் அளவைப் பார்த்தார்கள். எந்தப் பகுதி, என்ன கட்டடம், குடியிருப்பா கடையா என்பதெல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் இது ஒருவருடைய ஒரே வீடா, அல்லது சென்னையில் அடுக்குமாடி வீடு இருக்கும்போதே குற்றாலக் காற்றுக்காக வாங்கிப் போட்ட இன்னொரு வீடா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் எனக்கும் 75 சதவீதம்தான், பக்கத்துச் சீசன் வீட்டுக்காரருக்கும் 75 சதவீதம்தான். அவரோ அரையாண்டின் முதல் மாதத்திலேயே இருந்த இடத்திலிருந்து அலைபேசியில் கட்டி, 5 சதவீத ஊக்கத்தொகையையும் பெற்றுக்கொள்கிறார். பூட்டிய வீட்டில் வாசல் விளக்கு மட்டும் எரிவதால், எல்லா வீட்டு இணைப்புக்கும் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்துக்குள் அவருடைய கணக்கு அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் இரண்டாவது வீட்டுக்கு ஒரு கற்பனை வாடகை போட்டு வருமான வரி கேட்பார்கள். 2019 பட்ஜெட்டில் அந்தக் கவலையும் தீர்த்து வைக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அரை வரி வேண்டுமாம்!

பூட்டிய வீட்டால் ஊருக்குச் செலவில்லை என்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு ஒரு முறை வந்து பார்க்கட்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது என் வீட்டுத் தொட்டியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கதவோரத்தில் தேதி எழுதிப் போகிறார்கள். அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று, பூட்டை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வீட்டு மாடியில் மூடியில்லாத ஒரு நீலத் தொட்டியில் மழைத் தண்ணீர் நிற்பது எங்கள் மாடியிலிருந்து தெளிவாகத் தெரியும். ஐப்பசி அடைமழையில் எங்கள் பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அது அந்தத் தொட்டியால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிட நான்தான் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் சாவி என்னிடம்தான் இருக்கிறது. “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி, உங்கள விட்டா எங்களுக்கு அங்க யாரு இருக்கா?” என்று சொல்லி ஒப்படைத்த அதே மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் எழுந்து நின்று, தன்னால் ஊருக்கு என்ன செலவு என்று கேட்டவர்.

தெருவிளக்கு அவர் வீட்டு முன்னாலும்தான் எரிகிறது; வாறுகாலை அவர் வீட்டு முன்னாலும்தான் தூர்வாருகிறார்கள். இதற்கெல்லாம் வரும் அரசு மானியத்தில் மக்கள்தொகை ஒரு முக்கியமான அளவுகோல். பூட்டிய வீட்டில் தலை எண்ண யார் இருக்கிறார்கள்? தெருவின் நீளம் குறைவதில்லை, தெருவுக்காக எண்ணப்படும் தலை மட்டும் குறைகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது குடியிருப்பவருடைய வரி.

இது ஏதோ நான் பொறாமையில் கண்டுபிடித்த கோட்பாடு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூரில் உறவில்லாத தெரு குறைவு, அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு, ஆண்டு வாடகை மதிப்பில் ஒரு வரம்பு வரை வரியே கிடையாது. அதற்கு மேல் 4 சதவீதத்தில் தொடங்குகிறது. அவர் குடியிருக்காத வீட்டுக்கோ 2024 முதல் தொடக்கமே 12 சதவீதம், உச்சம் 36. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீட்டுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. பொறாமைக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் போலும்.

சுற்றுலா கெட்டுவிடும் என்கிறார்கள். அருவிக்கு வருகிறவர்கள் விடுதியில் தங்கிக் குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகைக்கு விட்ட வீட்டைப் பற்றியும் நான் பேசவில்லை, அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது.

பிழைப்புக்காக மும்பைக்கும் சென்னைக்கும் போய், பூர்வீக வீட்டை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்விக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். தாயோ தகப்பனோ இருக்கும் வீடு குடியிருக்கும் வீடுதான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்து திறக்கிற பூர்வீக வீட்டுக்கு இப்போதுள்ள வரியே இருக்கட்டும், கூட்ட வேண்டாம் என்றுதான் நான் கூட்டத்திலும் சொன்னேன். வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, மும்பையிலிருக்கும் என் சொந்தத் தம்பி, அரை வரி கேட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடைய பதிவுக்கு விருப்பம் தெரிவித்திருக்கிறான். அப்பாவின் வீட்டு வரியை அவனுடைய பங்குக்கும் சேர்த்து இத்தனை ஆண்டுகளாக யார் கட்டுகிறார்கள் என்பதை அவன் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

“எங்களால்தான் உங்கள் ஊர் மனைக்கு விலையே வந்தது” என்றும் அவர் சொன்னார். உண்மைதான், வந்தது. அந்த விலையில் தென்காசியில் வேலை பார்க்கும் என் மகளும் மருமகனும் சொந்த ஊரில் மூன்று சென்ட் வாங்க முடியாமல் பாவூர்சத்திரம் பக்கம் மனை தேடி அலைகிறார்கள். வாழ வேண்டியவர்கள் வெளியே போவதும், வாழாதவர்களின் வீடுகள் உள்ளே நிற்பதும் யாருக்குப் பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. இதற்கு வரிச் சலுகை வேறு!

அரை வரி கேட்டு மனு கொடுப்பது அவருடைய உரிமை, தாராளமாகக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் அவருடைய வீட்டுத் தென்னையிலிருந்து என் ஓட்டின் மேல் விழும் காய்ந்த மட்டைகளை இறக்க ஓர் ஆள் அனுப்பினால் நல்லது. இதுவரை மரமேறியின் கூலியை நான் கொடுத்திருக்கிறேன். இனிமேல் கொடுப்பதாக இல்லை.