கடைக்குட்டி டயப்பரை விடட்டும், பிறகு கப்பல் ஏறலாம்

ஆறு மாதம் நிறைந்த குழந்தையை உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்லலாம் என்பது பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணமென்றால் அந்த வரம்பு ஒரு வயதாக உயரும். கடந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் சென்றுவரும் மூன்று இரவுப் பயணத்துக்கு நாங்கள் பதிவு செய்தபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். விதிப்படி இருவரும் ஏறலாம் என்று தெரிந்ததும் நானும் கணவரும் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. ஒரு குழந்தையைக் கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள் என்பது வேறு, ஏறிய பிறகு அந்தக் குழந்தைக்கு அங்கே செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்பது வேறு. இதைக் கட்டணம் முழுவதையும் செலுத்திய பிறகே கற்றுக்கொண்டோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்து, டயப்பரையும் அது முழுவதுமாக விட்ட பிறகே முதல் கப்பல் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

மூன்று வயது என்ற கணக்கை நான் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் நீச்சல் குளங்களில் டயப்பர் அணியும் குழந்தை இறங்கக் கூடாது. நீச்சலுக்கென்றே கடைகளில் விற்கும் டயப்பர் அணிந்திருந்தாலும் விடமாட்டார்கள். முதலில் இது எனக்கு வீண் கெடுபிடியாகத்தான் தோன்றியது. பிறகு காரணத்தைத் தேடிப் படித்தபோது வாயடைத்துப் போனேன். அந்த டயப்பர் கழிவு வெளியேறுவதைச் சில நிமிடங்களுக்குத் தள்ளிப்போடுமே தவிர, கிருமிகளைத் தடுத்து வைக்காது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே குளத்தையும் ஒரே உணவுக்கூடத்தையும் பயன்படுத்தும் இடத்தில் இது விளையாட்டான செய்தியல்ல. சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனி வடிகட்டியோடு கூடிய சிறிய நீர்த்தெளிப்புப் பகுதி இருக்கிறது. நாங்கள் ஏறிய கப்பலில் அப்படியொன்று இல்லை. அக்காள் சறுக்குமரத்தில் வழுக்கி நீரில் விழுவதை ஈரத் தரையில் நின்றபடி பார்த்து என் மகன் அழுத அழுகையை அந்தத் தளமே கேட்டிருக்கும். ஆக, ஒருவர் மகளோடு குளத்தருகே இருக்க, மற்றவர் மகனைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தின் சத்தம் கேட்காத தளத்துக்குப் போய்விட வேண்டியதாயிற்று. பல கப்பல்களில் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை என்பதால், நீந்தும் பிள்ளையை விட்டு ஒரு நிமிடம்கூட அகல முடியாது.

சிறுவர் மன்றத்திலும் இதே கதைதான். பெற்றோருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று சொல்லி விற்கப்படும் வசதி இது. பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது நிறைந்து, கழிவறைக்குத் தானே போகத் தெரிந்த பிள்ளைகளைத்தான் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். மகள் முதல் நாள் மாலையிலேயே உள்ளே போய், சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வெளியே வர மறுத்தாள். மகன் வாசல்வரை வந்து கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். சில பெரிய கப்பல்களில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் காப்பகம் உண்டு. ஆனால் அதற்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், இடங்களும் குறைவு. விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து சொற்பக் கட்டணத்தில் பறந்துவிடும். கப்பலில் மடி என்ற கணக்கே கிடையாது; கைக்குழந்தையும் ஒரு தலைதான். உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும் என்பதால், மூவர் தங்கும் அறையில் ‘குழந்தைதானே’ என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் படகில் இடமிருந்தது. 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை உருவாக அதுவே காரணம்.

படகைப் பற்றிப் பேசும்போதே பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதைத் தட்டிக்கழிக்க நினைக்கும் பெற்றோரை அன்று நிறையவே பார்த்தேன். கப்பல் புறப்படுவதற்கு முன்பு ஒவ்வொரு பயணியும் தமக்கு ஒதுக்கப்பட்ட ஒன்றுகூடும் இடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். உயிர்காப்பு அங்கியை அணியும் முறையைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கப்பல் ஏறிய 24 மணி நேரத்துக்குள் இந்தப் பயிற்சியை முடித்தால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு எங்கே ஒன்றுகூடுவது என்பதே தெரிந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பிள்ளைகளின் கையில் ஒன்றுகூடும் இடத்தின் குறியீடு அச்சிட்ட பட்டையைக் கட்டினார்கள். சிறுவர் மன்றத்தில் இருக்கும்போது அபாயமணி ஒலித்தால் ஊழியர்களே பிள்ளைகளை எங்கே கொண்டுவருவார்கள் என்று நான் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அறையில் குழந்தை அளவு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பணியாளரிடம் சொன்ன பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமல் விட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பால்கனி அறை எடுத்தது எங்கள் இரண்டாவது பிழை. கடலைப் பார்த்தபடி காப்பி குடிக்கும் ஆசையில் கூடுதலாக நானூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்தோம். கைப்பிடிச் சுவர் உயரமானதுதான். அதன் கீழ்ப்பகுதியில் முழுக்கக் கண்ணாடி, குழந்தையின் தலை நுழையும் இடைவெளியும் இல்லை. ஆனால் அங்கே இரண்டு நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் கிடந்தன. எதைக் கண்டாலும் இழுத்துப் போட்டு ஏறிவிடும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாற்காலிகளை எடுத்துப் போகும்படி பணியாளரிடம் சொன்னோம். கதவின் மேல்தாழ்ப்பாளை இரவும் பகலும் போட்டே வைத்திருந்தோம். மூன்று நாளும் காப்பியை உணவுக்கூடத்தில்தான் குடித்தேன். திறக்காத வட்டச் சன்னல் உள்ள அறையே சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்குப் போதும் என்பது என் துணிபு. அதுவும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் நல்லது, ஆட்டம் குறைவாகத் தெரியும். மலாக்கா நீரிணை சுமத்ராவின் அணைப்பில் இருப்பதால் பொதுவாக அமைதியானதுதான், எங்களுக்கும் குமட்டல் எதுவும் வரவில்லை.

சின்னச் சின்ன நடைமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். ஆகவே டயப்பர், பால்மாவு, மாற்றுடை, நீச்சலுடை, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மூடி முத்திரையிட்ட குழந்தை உணவை அனுமதிப்பார்கள். வீட்டில் சமைத்ததைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. மின்கெண்டியும் சோறாக்கும் சட்டியும் தீ அபாயம் கருதித் தடை செய்யப்பட்டவை. தொட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். குளியலறையில் தூவாலைக் குழாய் (ஷவர்) மட்டும்தான் உண்டு. அதைக் கண்டு மிரளும் பிள்ளைக்குக் காற்றடைக்கும் சிறு தொட்டி ஒன்றை எடுத்துப் போனது நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். சாப்பாட்டுக் கவலை மட்டும் வேண்டாம். இங்கிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் நிறைய இருப்பதால் பருப்பும் சோறும் தயிரும் மூன்று வேளையும் கிடைத்தன.

மறுநாள் பிற்பகல் பினாங்கு. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வேன். ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹம் படகுத்துறையில் கப்பல் நேராகவே கரையை ஒட்டி நிற்கிறது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். சில ஊர்களில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, ஆடும் சிறு படகில் மாறி ஏறிக் கரைக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடக்கிய தள்ளுவண்டியுமாக அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. கப்பலில் விற்ற சுற்றுலாப் பேருந்துச் சீட்டுகளையும் நாங்கள் வாங்கவில்லை. இறங்கியதும் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காகக் கட்டப்பட்ட மணிக்கூண்டு நிற்கிறது. அறுபது ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடி என அறுபது அடி உயரம். அது இலேசாகச் சாய்ந்திருப்பதை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அங்கிருந்து கார்ன்வாலிஸ் கோட்டையின் சுவரோரமாக நடந்து, குட்டி இந்தியாவில் இளநீர் குடித்து, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மூன்று மணி நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். ஒரு நாளில் ஊரையே பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்த குடும்பங்கள் இரவு உணவுக்கூடத்தில் இருந்த நிலையைப் பார்த்தபோது, எங்கள் சோம்பேறித்தனத்தை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

கூடவே வந்த என் மாமியாருக்கு அது முதல் கப்பல் பயணம் அல்ல. 1961இல், ஆறு வயதில், தம் தாயோடு நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர் அவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் போய்வந்தது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை அதன் மேல்தளத்தில்தான் தொடங்குகிறது. அறை கிடையாது, பாய் விரித்த இடமே வீடு. கைக்குழந்தையாக இருந்த தம்பியின் இடுப்பில் புடவைக் கிழிசலைக் கட்டி, அதன் மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டு அம்மா ஒரு வாரம் தூங்காமல் வந்ததை மாமியார் எங்கள் பால்கனிக் கதவருகே அமர்ந்து சொன்னார். “அவங்களுக்கு வேற வழி இல்ல, வந்தாங்க. ஒங்களுக்கு என்னம்மா அவசரம்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் கருத்தை மறுப்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். நடக்கத் தொடங்காத எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்த ஓர் இளம் தம்பதியர் எங்களைவிட நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தை தள்ளுவண்டியில் தூங்கியது, பால் குடித்தது, மறுபடி தூங்கியது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிதாகத்தான் வரும் என்பதும் உண்மை. ஆகவே கடினமான காலம், கால் முளைத்ததிலிருந்து டயப்பர் கழலும்வரை உள்ள ஓர் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் தலைப்பிள்ளை ஒன்றே ஒன்று என்றால்தான் அந்த எட்டு மாதக் கணக்கு பொருந்தும். மூத்த பிள்ளையும் உடன் இருக்கும் வீட்டில் கைக்குழந்தையோடு ஒருவர் அறையில் அடைந்து கிடக்க, மற்றவர் மூத்ததோடு அலைய, குடும்பமாகப் போனோம் என்று சொல்லிக்கொள்ள இரவுச் சாப்பாடு மட்டுமே மிஞ்சும்.

மறுபக்கம், அதிகம் தள்ளிப்போடவும் முடியாது. மூத்த பிள்ளை தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்துவிட்டால் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். ஜூன் மாதத்திலும் ஆண்டிறுதியிலும் ஓர் அறைக்குக் கேட்கும் விலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளியில் இருக்கும்வரை, கூட்டமும் விலையும் குறைந்த ஒரு சாதாரண வாரத்தின் திங்கட்கிழமை கப்பல் ஏறலாம். எங்கள் வீட்டுக் கணக்கு இது: மகனுக்கு அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்று வயது நிறைகிறது, அதற்கு அடுத்த ஜனவரியில் மகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். இடையில் கிடைப்பது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மூன்றே மாதங்கள். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் தாய்லாந்தின் புக்கெட் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பதால் மறுபடியும் பினாங்கேதான். சன்னல் அறை, மூன்று இரவு, மாமியாரும் உண்டு. செப்டம்பர் பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிர்த்து நாள்களைக் கணவர் குறித்து வைத்திருக்கிறார். மகனுக்குக் கழிவறைப் பழக்கத்தை நேற்றுத் தொடங்கினோம். அவன் அந்தச் சிறிய இருக்கையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறான்.