முகமூடி வில்லனைவிடப் பசை பயங்கரமானது

போர் காமிக்ஸில் ஜெர்மன்காரன் என்றாலே வில்லன் என்றிருந்த காலம் அது. 1965 பிப்ரவரி, 'அவர் ஆர்மி அட் வார்' 151ஆம் இதழில் எழுத்தாளர் ராபர்ட் கனிகரும் ஓவியர் ஜோ கூபர்ட்டும் ஒரு ஜெர்மன் விமானியையே நாயகனாக்கினார்கள். ஹான்ஸ் வான் ஹாமர், 'எனிமி ஏஸ்'. முதல் உலகப் போர்க் கதை என்பதால் ஹிட்லர் சங்கடம் கிடையாது. 'ரெட் பேரன்' என்று பெயரெடுத்த நிஜ ஜெர்மன் விமானி ரிக்தோஃபெனின் சிவப்பு மூவிறக்கை ஃபோக்கர் விமானத்தை அப்படியே இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, நாயகனே 'எதிரி' என்றால் வில்லன் யார்? கனிகர் இறக்கிய ஆள் ஹேங்மேன், தூக்குப்போடுபவன் வேஷத்தில் பறக்கும் பிரெஞ்சு விமானி. என்னைக் கேட்டால் தொடரின் பலவீனமே இந்த ஆள்தான். முகமூடி சூப்பர்ஹீரோ கதைக்குப் பொருந்தும், இங்கே ஒட்டவில்லை. வானம்தான் எல்லோருக்கும் பொது எதிரி என்று வான் ஹாமரே புலம்புகிறான். அந்த வில்லன் போதாதா?

வானம் மட்டுமல்ல, ஏறிப் பறக்கும் விமானமே எதிரிதான். வான் ஹாமரின் அந்த மூவிறக்கை ஃபோக்கர் டிஆர்.1ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 110 குதிரைத்திறன் ஓபருர்சல் ரோட்டரி எஞ்சின். புரொப்பல்லரோடு சிலிண்டர்களும் சேர்ந்து சுழலும். அதனால் வலப்பக்கம் சட்டென்று திரும்பும், மூக்கு கீழே சாயும். இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு அடம்பிடிக்கும். உயவுக்கு விளக்கெண்ணெய் வேண்டும். எதிரிகளின் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு அது கிடைக்காமல் போக, மாற்று எண்ணெய் ஊற்றினார்கள். 1918 கோடையில் எஞ்சின்கள் சூடேறி மடமடவென்று படுத்தன.

எல்லாவற்றையும்விடக் கொடுமை மேல் இறக்கை. 1917 அக்டோபர் 29 அன்று ஜெர்மன் விமானி ஹைன்ரிஷ் கோன்டர்மன் பறந்துகொண்டிருக்கும்போதே அது பிய்ந்தது, மறுநாள் இறந்தார். அக்டோபர் 31 அன்று இன்னொரு விமானியும் அதேபோல் போனார். பிரித்துப் பார்த்தால் மட்டமான வேலை, உள்ளே ஈரம், விட்டுப்போன பசை. உடனே எல்லா டிஆர்.1களையும் தரையிறக்கி இறக்கையைத் திருத்தினார்கள். அப்புறமும் அவ்வப்போது பிய்ந்தது. மூன்று இறக்கையில் மேல் இறக்கைதான் மற்றதைவிட அதிகமாகச் சுமக்கிறது என்பது 1929இல் அமெரிக்கச் சோதனையில்தான் தெரியவந்தது.

கூபர்ட்டின் ஓவியத்தில் குறை சொல்ல முடியாது. சாய்ந்த கட்டங்கள், கண்ணாடிக்குள் தூங்காத கண்கள், தரையில் அவனுக்கு ஒரு கறுப்பு ஓநாய் மட்டும் துணை. ஆனால் சுடும் கட்டங்களில் குண்டுக்கு அளவே இல்லாத மாதிரி இருக்கும். நிஜத்தில் இரண்டு ஸ்பாண்டாவ் இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 500 தோட்டா. விசையை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் காலி. அதற்குள் தோட்டா பெல்ட் சிக்கினால்? குளிரில் விறைத்த கையோடு தட்டித் தட்டி எடுக்க வேண்டும். அதற்கென்றே அன்றைய விமானிகள் சிலர் காக்பிட்டில் சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தார்கள். நாயகன் பெயரே 'ஹாமர்', கவனியுங்கள்!