ஸ்பிரிங் இருக்கட்டும், முதலில் ஷாக்கைப் பாருங்கள்

காரைத் தாழ்த்த ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த பிராண்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்கும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மறையுமா? ஷாக் அப்சார்பர் என்ன போடப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால், "கம்பெனி போட்டதே இருக்கட்டும் அண்ணா, இன்னும் ஆயில் கசியவில்லை" என்பார்கள். என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிர். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் நல்ல ஷாக்கை வாங்குங்கள், ஸ்பிரிங் பழையதே இருக்கட்டும். படம் எடுத்துப் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்தான். ஆனால் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

ஸ்பிரிங் தான் வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தள்ளும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆட்டத்தைத் தின்று சூடாக மாற்றுவது ஷாக். எவ்வளவு அமுங்கியது என்பதைப் பொறுத்து ஸ்பிரிங் எதிர்க்கும். எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதைப் பொறுத்து ஷாக் எதிர்க்கும். தாழ்த்தும் ஸ்பிரிங் கட்டையாக மட்டும் இருக்காது, கம்பெனி ஸ்பிரிங்கைவிட விறைப்பாகவும் இருக்கும். அமுங்க இடம் குறைந்துவிட்டதால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். விறைப்பு 30 சதவீதம் கூடினால், ஆட்டத்தைப் பழைய அளவிலேயே அடக்க ஷாக்கின் பிடி சுமார் 14 சதவீதம் கூட வேண்டும். 30 சதவீதம் வேண்டியதில்லை, ஏனென்றால் இங்கே வர்க்கமூலக் கணக்கு வேலை செய்கிறது. அதனால் "கம்பெனி ஷாக் ஒரே மாதத்தில் வெடித்துவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. புது ஷாக்காக இருந்தால் அந்த 14 சதவீதத்தை ஓரளவு சமாளித்துவிடும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்த ஷாக்கிடம் அதை எதிர்பார்ப்பதுதான் தவறு.

உண்மையான சிக்கல் நீளத்தில் இருக்கிறது. கணக்குக்காக, உங்கள் காரின் முன்பக்க ஷாக் தண்டு, ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடுவதற்கு முன் 60 மி.மீ. இறங்க இடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு அதே ஷாக்கை விட்டால், கார் சும்மா நிற்கும்போதே அந்த இடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் 25 மி.மீ. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில் வழவழப்பாக ஏறி இறங்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம். நோம்பிக்கு முந்தின வாரம் மிச்சமிருந்த கலவையை இரவோடு இரவாகக் கொட்டி, நான்கு பேர் மிதித்து இறுக்கியதுதான் நமக்குக் கிடைக்கும் வேகத்தடை. இதற்கு 25 மி.மீ. எந்த மூலைக்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும், எனக்குத் தம்பி முறையாகும் ஒருவனின் காரை இந்த விஷயத்துக்காகவே பட்டறையில் பிரித்துப் பார்த்தோம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றித் தூசி உறையை மேலே தள்ளியதும், பம்ப் ஸ்டாப் துண்டு துண்டாக மெக்கானிக்கின் உள்ளங்கையில் கொட்டியது. மஞ்சள் நுரை ரப்பராக இருக்க வேண்டியது ஈரமான கடலைப் பிண்ணாக்கு மாதிரி கிடந்தது. தண்டின் மேல்பாதி கண்ணாடியாக மின்னியது, கீழே ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் மங்கலான கோடுகள். ஷாக் தன் வாழ்நாள் முழுவதும் அந்தச் சின்ன இடத்திலேயே குத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. மெக்கானிக் தண்டைக் கையால் அழுத்தி இழுத்தார். திசை மாறும் இடத்தில் ஒரு சிறு வெற்று அசைவு, எதையும் பிடிக்காத ஒரு கணம். "கேட்கிறதா தம்பி, உள்ளே ஒன்றுமே இல்லை" என்றார். வெளியே ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஷாக் தேடும்போது முதல் கேள்வி நீளம், பிராண்டு அதற்குப் பிறகுதான். ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டீன் கம்பெனி இதைப் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறது. பி4 என்றால் கம்பெனி ஷாக்குக்கு மாற்று. பி6 அதே நீளம், பிடி அதிகம். பி8 நீளம் குறைத்தது, தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. ஷாக்கைக் குட்டையாக்கும்போது இழந்த இடத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. இன்னொரு லாபம், காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது கட்டை ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து கழன்று ஆடாது. ஸ்பிரிங் போட்ட அன்றே இதைச் சோதிக்கலாம்: தூக்கிய நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் சுழற்ற முடிந்தால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் காருக்குக் குட்டை ஷாக் கிடைக்கவில்லை என்றால் 20, 25 மி.மீட்டரோடு நிறுத்திக்கொண்டு பி6 போன்ற ஒன்றோடு திருப்தி அடைவது உத்தமம்.

கோனி கம்பெனியின் மஞ்சள் நிற ஷாக்குக்கு நம் ஊரில் ஒரு பக்தர் கூட்டமே உண்டு. நல்ல ஷாக்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் திருகு மாற்றுவது அமுங்கிய ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை மட்டும்தான், அமுங்கும் பக்கத்தை அது தொடுவதில்லை. இது தெரியாமல் முழுக்கத் திருகிவிட்டு, "இப்போதுதான் ரேஸ் கார் மாதிரி இருக்கிறது" என்று சொல்கிறவர்களைச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்கப் போகும்போதெல்லாம் வாகனம் நிறுத்துமிடத்தில் சந்திக்கிறேன். பந்தயத் தடம் வழவழப்பானது, அங்கே அது செல்லும். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில், சந்திப்புக்கு முன்னால் வரிசையாக வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள். முதல் பட்டையில் அமுங்கிய சக்கரம் கீழே திரும்புவதற்குள் இரண்டாவது வந்துவிடும், பிறகு மூன்றாவது. எழும்பும் வேகத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் கார் ஒவ்வொரு பட்டையிலும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். இதே சங்கதி ஆழியாறுக்கு மேலே வால்பாறைச் சாலையில் நடந்தால் நிலைமை வேறு. நாற்பது வளைவுகளில் ஏதோ ஒன்றின் நடுவில் பின்பக்கம் ரப்பரில் இடித்தால், அந்த நொடியில் பின் டயர் பிடியை விட்டுவிடும். ஆகவே மிகத் தளர்வான நிலையில் தொடங்கி, மேடு தாண்டியபின் கார் ஒருமுறை எழுந்து அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அடங்கியதும் நிறுத்துங்கள். பெரும்பாலான தெருக் கார்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்ற சண்டையில் நான் தோட்டத்து வண்டிப் பாதை பக்கம் நின்று பேசுகிறேன். ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டை நன்றாக வெளியே விடும், நீண்ட மலை இறக்கத்தில் சோராது. ஆனால் அதில் பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரை ஒட்டியே. கல் தெறித்துப் பின்பக்க ஷாக்கில் ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்சுவர் பெரும்பாலும் தப்பிக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தினமும் தென்னந்தோப்புக்குள் கார் போய் வருகிறது என்றால் இதை யோசிக்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் தேங்காய் மூட்டையும் ஏறுகிற கார் என்றால், தாழ்த்துவதையே யோசிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஸ்பிரிங் பட்டியலில் "30 மி.மீ." தாழும் என்று போட்டிருந்தால் அது அங்கே விற்கும் காரின் உயரத்திலிருந்து கழித்தது. இந்தியாவுக்கு வரும் பல ஐரோப்பிய கார்கள் நம் சாலைக்காகச் சற்று உயர்த்தியே வருகின்றன. அதே ஸ்பிரிங்கை இங்கே போட்டால் 30 என்பது 45 கூட ஆகலாம். வாங்கும் முன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டிக் கீழே தள்ளிவிட்டு, உங்கள் வழக்கமான சாலையில் வழக்கமான ஆட்களோடு போய் வாருங்கள். அது எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு இடம் உங்களுக்கு வேண்டும். காசில்லாத சோதனை, எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட நேர்மையானது. தலைகீழாகப் பொருத்திய ஸ்ட்ரட்டில் மட்டும் இதைச் செய்ய முடியாது, தண்டு உள்ளே மறைந்திருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, காஸ் விளக்கில் காய்ச்சி உட்கார வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கோவையில் லேத் இல்லாத தெரு இல்லை என்பதால் இங்கே எல்லாவற்றையும் செய்து கொடுக்க ஆள் உண்டு. காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும், அதன் பிறகு அது ஸ்பிரிங் அல்ல. வெட்டினால் முனை இருக்கையில் உட்காராது. செய்யாதீர்கள்.

பொருத்தும்போது பணத்தை மிச்சப்படுத்த ஒரே வழி எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்வது. முன்பக்க ஸ்பிரிங்கை மாற்ற எப்படியும் ஸ்ட்ரட் முழுவதையும் இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். அப்போதே ஷாக், மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிதாகப் போனால் கூலி ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து ஷாக் மட்டும் மாற்றப் போனால் அதே கூலி மறுபடியும். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசியாக இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் இதை மறந்துவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கடைசியில் சக்கர அலைன்மென்ட் கட்டாயம்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பரணில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி காரை மாற்றக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. யாராவது நிறுத்திக் கேட்டாலும், காரை விற்கும்போது வாங்குகிறவர் பழைய உயரம்தான் வேண்டும் என்றாலும், கம்பெனி ஸ்பிரிங் கையில் இருந்தால் அரைநாள் வேலைதான்.