மேசையைத் தட்டினால் செக்

கோவா போய்வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு தோற்றாய் என்பதுதான். 12,000. போதுமா? நான் சொல்ல வந்தது வேறு.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாள் ராத்திரி ஜமுக்காளத்தை விரித்து ரம்மி. காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ராங் ஷோவுக்கு, அதாவது சீட்டு சேராமலே சேர்ந்தது என்று கீழே வைத்துக் காட்டினால், 80 புள்ளி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரிய அத்தான் ராங் ஷோ போட்டால், "ஏல, ஒரு கார்ட மாத்தி வச்சிட்டேன், அவ்வளவுதாம்ல" என்று திரும்ப எடுத்து அடுக்கிக்கொள்வார். யாரும் வாய் திறக்க மாட்டோம். அதையே பொடியன்கள் செய்தால் 80 எழுதிவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்தோடுதான் நானும் பெரிய அத்தானும் மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் போக்கர் மேசைக்குப் போய் உட்கார்ந்தோம். ஒருவர் 600 ரூபாய் வைத்தார். என் கையில் இரண்டு ராஜா. பந்தயத்தை ஏற்றலாம் என்று ஒரு 5,000 ரூபாய் சிப்பை (காசுக்குப் பதிலான வில்லை) எடுத்து வைத்தேன், வாயைத் திறக்காமல். சீட்டுப் போடுகிற டீலர் "கால்", அதாவது அவர் வைத்த 600-க்கு ஈடு மட்டும், என்று சொல்லி 4,400-ஐத் திருப்பித் தந்துவிட்டாள். சுரீர் என்றது. அப்புறம் யோசித்தால், ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் 500-க்கா டிக்கெட் கிழிப்பார்? வைதுகொண்டே சில்லறை தருவார். ஏற்ற வேண்டுமானால் முதலில் "ரெய்ஸ்" என்று வாயால் சொல்ல வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி "உன் 600-க்கு கால், அதுக்கு மேல 2,000" என்றாலும் செல்லாது. முதலில் சொன்ன "கால்"தான் நிற்கும்.

போனில் ஆடிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிது. அங்கே பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது, வழக்கே வராது. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதற்கு மத்திய அரசு 2025-இல் தடை போட்ட பிறகுதான் பல பேருக்கு நேர் மேசையின் ஒழுங்கே கண்ணில் படுகிறது.

பெரிய சண்டை அதற்கப்புறம் வந்தது. கையில் இரண்டு ராணி, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரித்த மூன்று சீட்டில் இன்னொரு ராணி. முதலில் ஆட வேண்டியவன் நான். எவ்வளவு வைக்கலாம் என்று யோசனை. யோசிக்கும்போது என் விரல் சும்மா இருக்காது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் குடத்தைக் கேட்டு வளர்ந்த விரல். மேசையில் இரண்டு தட்டு. அங்கே தட்டினால் செக், அதாவது இப்போது காசு வைக்கவில்லை, அடுத்தவர் ஆடலாம் என்று அர்த்தம். அடுத்தவரும் தட்டினார். டீலர் ஒரு சீட்டை ஓரமாகக் கவிழ்த்துவிட்டு நாலாவது சீட்டைத் திறந்துவிட்டாள்.

"நான் இன்னும் ஆடவே இல்லையே!"

மேற்பார்வைக்காரரைக் கூப்பிட்டார்கள். சின்னப் பையன். தட்டினீர்களா, அடுத்தவர் ஆடினாரா, உடனே சொன்னீர்களா என்று மூன்றே கேள்வி. "செக்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்தான் எதிரிலிருந்து, "அவன் தட்டுனது தாளம்வே!" என்றார். ஆட்டம் நடக்கும்போது மேசையில் தமிழ் பேசக் கூடாது என்று டீலர் அவரையும் நிறுத்தினாள். எங்கள் பாஷையையா தடுக்கிறாய் என்று எனக்குக் கோபம். ஆனால் மற்ற ஆறு பேருக்கு என்ன தெரியும், அவர் தாளத்தைச் சொன்னாரா, தன் சீட்டைச் சொன்னாரா என்று?

திறந்த சீட்டு மூன்றாவது ஆட்டின். எதிராளிக்கு ஃபிளஷ், ஐந்தும் ஆட்டின். என் மூன்று ராணியும் போச்சு.

அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இப்போது சொல்வேன். மனதில் என்ன இருந்தது என்பதற்கு சாட்சி நான் மட்டும்தான், அதுவும் அடுத்த சீட்டைப் பார்த்துவிட்ட சாட்சி. அந்தச் சீட்டு நாலாவது ராணியாக இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேனா? மாட்டேன்.

எனக்கு ஒப்பாதது வேறொன்று. அதே மேசையில் ஒருவர், சிப்ஸ் அடுக்கைக் கையால் முன்னால் கொண்டுபோவார், எதிராளி முகத்தைப் பார்ப்பார், கையை இழுத்துக்கொள்வார். கேட்டால், "கையை விட்டுப் போகலையே." அந்த இடத்து விதிப்படி அவர் சொல்வது சரி. தெரியாமல் தட்டியவன் காசு போகிறது, தெரிந்தே வேஷம் கட்டுகிறவர் எச்சரிக்கையோடு தப்பிக்கிறார். போக்கர் போட்டி நடத்துகிறவர்கள் 2001-இல் தொடங்கிய டோர்னமெண்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதிகள் போட்டிகளுக்கானவைதான். ஆனால் அதில் முதல் விதியே, ஆட்டத்தின் நலனும் நியாயமும்தான் முக்கியம், தேவைப்பட்டால் நுணுக்க விதியையும் தள்ளிவைக்கலாம் என்கிறது. அந்த அதிகாரத்தை இந்த மாதிரி ஆளிடம்தான் காட்ட வேண்டும். என் விரலுக்காக அல்ல.

ஜெயித்த கையை வைத்துக்கொண்டு, எதிராளி நடுவில் குவிந்த காசுக்குக் கை நீட்டும்வரை காட்டாமல் இருக்கிறவர்களைப் பற்றி எழுதினால் வைய வேண்டிவரும். விடுங்கள்.

போன வாரம் வீட்டில் வளைகாப்பு. வழக்கம்போல ஜமுக்காளம். பெரிய அத்தான் ராங் ஷோ. வழக்கம்போலத் திரும்ப எடுக்கப் போனார். "அத்தான், கீழ வச்சாச்சு" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொடியன் நோட்டில் 80 எழுதினான்.

அவர் புளியங்கொட்டையை எண்ணித் தள்ளிக்கொண்டே, "இவனக் கோவாவுக்குக் கூட்டிட்டுப் போனது எந்தப்பு" என்றார்.