வியாழனுக்கு மோட்டார் கட்டாயமில்லை
"மோட்டார் மவுண்ட் இல்லாமல் கோள்களைப் படமெடுக்க நினைப்பது வீண்" என்று மேலே உள்ள கட்டுரையில் ஒரு வரி வருகிறதே (மோட்டார் மவுண்ட் என்பது வானம் நகர்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் தானே திருப்பும் தாங்கி), அது நெபுலா என்னும் மங்கலான வாயு மேகங்களுக்குச் சரி, வியாழனுக்குச் சரியில்லை. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க்விநாடி (ஒரு ஆர்க்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. 10 மில்லிவிநாடி ஷட்டர் வைத்தால் வீடியோவின் ஒரு ஃப்ரேமில் நகர்வது 0.15 ஆர்க்விநாடிதான். கையால் தள்ளித் திருப்பும் என் 8 இஞ்ச் டாப்சோனியன் தொலைநோக்கியால் பிரித்துக் காட்ட முடிவதே சுமார் 0.6 ஆர்க்விநாடி என்னும்போது அது எங்கே தெரியப் போகிறது? கோளைப் பார்வைப் புலத்தின் கிழக்கு விளிம்பில் விட்டு, குழாயிலிருந்து கையை எடுத்து, ஆட்டம் அடங்கியதும் வீடியோவை ஓட விடுவேன். உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் கோள் அரை நிமிடத்தில் மறு விளிம்பில் காணாமல் போகும். திரும்பத் தள்ளி இன்னொன்று. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால், படம் கலங்காமல் இருக்க எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஃப்ரேம்களை ஆட்டோஸ்டாக்கெர்ட் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியாழனின் மேகப் பட்டைகள் தெளிவாக விழும். மேலே கருத்தில் ஒருவர் படமெடுக்கப் போன் போதுமா என்று கேட்டிருந்தார்: போதும், ஆனால் கையில் பிடிக்காமல் தொலைநோக்கியோடு இணைக்கும் அடாப்டரில் மாட்டி, எக்ஸ்போஷரைக் குறைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் வரும். மோட்டார் இல்லையே என்று நான் நொந்துகொண்டது கோள் தலைக்கு நேர் மேலே வந்தபோது மட்டும்தான். அங்கே டாப்சோனியன் எந்தப் பக்கம் தள்ளினாலும் முரண்டு பிடிக்கும்.