அது அப்பப்பாவின் தராசு இல்லை

போன கிழமை கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் எங்கள் கடையில் தொங்கும் தட்டுத் தராசைக் கண்டதும் கண்கலங்கிவிட்டார். "உங்கட அப்பப்பா நிறுத்துக் குடுத்த தராசெல்லே இது? எனக்குத் தாங்கோவன், ஹோலில மாட்டி வைக்கிறன்" என்றார். என்ன விலை என்றாலும் பரவாயில்லையாம். அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். அது அப்பப்பாவின் தராசு இல்லை. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு, 2010இல் வவுனியாவில் வாங்கியது. அப்பப்பாவின் தராசு விசுவமடுவுக்கும் இரணைப்பாலைக்கும் இடையில் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறது.

வன்னியின் பழைய பலசரக்குக் கடைகளின் வரலாற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று இப்போது சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் படிக்கல், தகரப்பேணி, பெயர்ப்பலகை என்று பொருட்களைத் தேடித்தான் வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே கட்டடத்தில் இருக்கும் கடைக்கு அது சரிவரும். எங்கள் கடை ஓரிடத்தில் நின்றிருந்தால்தானே.

அப்பப்பா கிளிநொச்சியில் உருத்திரபுரப் பக்கம் வாய்க்கால் கரையில் தொடங்கிய கடை அது. 1996இல் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கையில் கிளிநொச்சியே எழும்பி ஓடியபோது கடையும் ஓடியது. ஸ்கந்தபுரத்தில் நாலு தடி நட்டு, கிடுகு வேய்ந்து, ஒரு பலகையைக் குறுக்கே போட்டதும் கடை. அந்த நாட்களில் ஸ்கந்தபுரமும் மல்லாவியும் பட்டினங்களாக மாறியதே இப்படி ஓடிவந்த கடைகளால்தான். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் பழைய இடத்துக்கே திரும்பினோம். 2008 கடைசியில் சண்டை நெருங்க மறுபடி ஓட்டம். தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை என்று போகப் போக உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் குறைந்துகொண்டே வந்தது. மாத்தளனில் அரை மூட்டை மாவும் கொஞ்ச உப்பும். அதற்குப் பிறகு கடை இல்லை, நாங்கள் மட்டும்.

இந்தக் கடையின் எந்தச் சுவரைப் படம் பிடிப்பீர்கள்?

என்னைக் கேட்டால், வன்னிக் கடையின் வரலாறு கடன் கொப்பிக்குள் இருந்தது. மட்டை கிழிந்த ஒரு சீஆர் கொப்பி, கணக்கெழுதுகிற தடித்த கொப்பி. சீனி ஒரு றாத்தல், மண்ணெண்ணெய் அரைப் போத்தல், புகையிலை, செத்தல் மிளகாய் என்று அப்பப்பாவின் சாய்ந்த எழுத்தில் இருக்கும். ஆட்களின் சொந்தப் பெயரைக் காண்பது அருமை. "பனையடி அக்கா", "நொண்டி மாட்டுக்காரர்" என்றுதான் எழுதியிருப்பார். காலபோக வெள்ளாமை வெட்டியதும் சிலர் காசாகவும் சிலர் நெல்லாகவும் கட்டுவார்கள். மழை பிழைத்த வருசத்தில் பக்கத்துக்குப் பக்கம் கடன் வெட்டப்படாமல் அப்படியே கிடக்கும். வயலுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் கனபேருக்குக் காணிப் பத்திரம் இருக்கவில்லை. பத்திரம் இல்லையென்றால் வங்கிப் படியில் ஏறியும் பயனில்லை. அவர்களுக்கு வங்கி, கடைதான். 1990இலிருந்து அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தங்கம் மாதிரி ஆன காலம். ஒரு சவர்க்காரக் கட்டியை அப்பம்மா நூலால் நாலாக அறுத்து விற்பா. கால் கட்டியும் கடனில் போயிருக்கிறது.

இதைச் சொன்னவுடன் கடைக்காரர் எல்லாரையும் தெய்வமாக்கிவிடாதீர்கள். நெல்லுக்கு விலை சொன்னது கடன் கொடுத்தவர்தான், விளைவித்தவர் இல்லை. தடைக் காலத்தில் சாமானைப் பதுக்கி விலை ஏறவிட்டு விற்றவர்களும் இருந்தார்கள். எங்கள் அப்பப்பாவும் இரண்டு மூட்டை சீனியை வைக்கோலுக்குள் மறைத்ததை அப்பம்மாவே சொல்லிச் சிரிப்பா. எழுதுவதென்றால் அந்த வைக்கோலையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொன்று. பேசினால் சிலருக்குக் கோபம் வரும். முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் குடும்பங்களின் கடைகள் இருந்தன. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தக் கடைகளும் முடிந்தன. அவர்களின் கொப்பிகளில் கடன் வைத்திருந்த தமிழர்கள் எத்தனை பேர்? அந்தக் கடனை யார் யாரிடம் கட்டினார்கள்? வன்னிக் கடை வரலாறு என்று சொல்லிக்கொண்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர் எழுதப்போவதை நான் வாசிக்கப் போவதில்லை.

சரி, எங்கள் கொப்பி எங்கே? பொலித்தீனில் சுற்றி அம்மா கொண்டு திரிந்தது இரணைப்பாலையில் ஒரு பங்கருக்குள் நின்றுவிட்டது. 2012இல் என்று நினைக்கிறேன், ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, "அண்ணை, நான் 2008இல கடன் வைச்சிட்டுப் போனனான்" என்றார். அப்பாவுக்கு ஆளை நினைவிருந்தது, தொகை நினைவில்லை. அவர் ஆயிரத்து எண்ணூறு என்கிறார், அப்பா அவ்வளவு வராது, ஆயிரத்து இருநூறுதான் என்கிறார். கடன்காரர் கூட்டிச் சொல்ல முதலாளி குறைத்துச் சொன்ன பேரத்தை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு. அன்று எனக்கு ஒன்று விளங்கியது. கொப்பி போய்விட்டாலும் கணக்கு ஆட்களுக்குள் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

தப்பிய கொப்பிகள் எங்காவது இருந்தாலும் அப்படியே படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். அது கடைக்காரரின் பெருமை மட்டும் இல்லை, வாங்கியவரின் வறுமையும் கூட. பேரப்பிள்ளை கனடாவில் இருக்கலாம், அதற்காக அவரின் அம்மம்மா அரை றாத்தல் பருப்புக் கடன் வைத்ததை ஊர் பார்க்கத் தேவையில்லை. பெயரை மறைத்துவிட்டுச் சாமானையும் திகதியையும் வையுங்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்துகிறது, வாய்மொழி வரலாறுகளும் சேர்க்கிறது. அப்படியான இடத்துக்குப் போனால் போதும்.

கேட்பதென்றால் முதலில் பெண்களிடம் கேளுங்கள். "முதலாளி" என்று பெயர் எடுத்தது ஆண்கள். அவர்கள் சாமான் எடுக்க உயிலங்குளம், ஓமந்தை என்று போய்ச் சோதனைச் சாவடியில் நாள்கணக்காகக் காய்ந்தபோது, கடையில் நின்று யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று முடிவெடுத்தது வீட்டுப் பெண்கள்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி இருக்கிறா. ஸ்கந்தபுரத்தில் எங்கள் கடைக்கு எதிர்க்கடை அவவுடையது, ஒரு காலத்தில் அப்பம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லை. அவவின் கதையைப் பதியலாமா என்று நேற்றுக் கேட்டேன். "உன்ர அப்பம்மா சொன்னதெல்லாம் பொய், நான் சொல்லுறன் வா" என்றா. ஆனால் காலையில் வரக்கூடாதாம், பாண் வருகிற நேரமாம். ஞாயிறு பின்னேரம் போகிறேன்.